பென்ஷன் வந்த மிலிட்டரிக்காரருக்கு வடசென்னையில் முதல் வருஷம்: நைட் டூட்டி, தூக்கம், காது, குடி, பேப்பர்

காசிமேடு_காற்று (இழையைத் தொடங்கியவர்):

சிப்பாயா சேர்ந்தவர் 17 வருஷம் முடிச்சு பென்ஷன் வரும்போது வயசு 36, 38 தான் ஆகியிருக்கும். அதுல பல வருஷம் காஷ்மீர்ல ஆர்.ஆர். (ராஷ்ட்ரிய ரைபிள்ஸ்) பட்டாலியன், மணிப்பூர், சியாச்சின்னு போயிருக்கும். சென்ட்ரல்ல வந்து இறங்கின அடுத்த வாரமே யாராவது ஒருத்தர் வீட்டுக்கு வந்து, "மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுல செக்யூரிட்டிக்கு ஆள் கேக்குறாங்க, மிலிட்டரின்னா உடனே எடுத்துக்குவாங்க"ன்னு சொல்லிடுவாங்க. ராத்திரி 8 மணிக்குப் போனா காலையில 8 மணி.

இந்த இழையில முதல்ல சொல்ல வேண்டியது இதுதான்: சண்டைப் பகுதியில இருந்து வந்தவர் முதல் ஆறு மாசம் நைட் செக்யூரிட்டிக்குப் போகவே கூடாது.

ஏன்னு சொல்றேன். போஸ்ட்ல சென்ட்ரி நின்ன வருஷங்கள்ல உடம்பு ஒரு பாடம் படிச்சிருக்கு. இருட்டு, வேலி, தூரத்துல அசையுற உருவம், சத்தம் வந்த திசை. இதுல எதைத் தவற விட்டாலும் உயிர் போகும். அந்தப் பாடம் டிஸ்சார்ஜ் புக் கையில வாங்கின அன்னைக்கு அழிஞ்சு போகாது. "இங்க ராத்திரின்னா ஆபத்து இல்ல"ன்னு நூறு, இருநூறு ராத்திரி அமைதியாப் போனாதான் மூளை நம்பும். யார்டுல என்ன நடக்குது? அதே இருட்டு, அதே வேலி, அதே டார்ச். பழைய பாடத்தை ஒவ்வொரு ராத்திரியும் மறுபடி எழுதுறோம். பகல்ல வந்து படுத்தா வடசென்னை வீட்டுல அஞ்சு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்க முடியுமா? கீழ தண்ணி லாரி, மேல குழந்தைங்க, பக்கத்துல வெல்டிங். ரெண்டு மாசத்துல எரிச்சல், நாலு மாசத்துல குவாட்டர். அப்புறம் "மிலிட்டரிக்காரன்னாலே கோபக்காரன்"னு தெருவுல பேர்.

தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரும் உங்க பங்கைச் சேர்த்து எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாம், செய்முறை வேணும்.

புதுவண்ணை_பாலம்:

சொல்றது சரிதான் அண்ணா. ஆனா வீட்டு நிலைமையையும் பாருங்க. பென்ஷன்ல 50% வரைக்கும் கம்யூட் பண்ணி, அதாவது முன்கூட்டியே மொத்தப் பணமா வாங்கியிருப்பாங்க. அது திரும்பச் சேர 15 வருஷம் ஆகும். அதனால மாசாமாசம் கைக்கு வர்றது பாதியை ஒட்டித்தான். ஸ்கூல் பீஸ், வாடகை எல்லாம் இருக்கும்போது ஆறு மாசம் வீட்டுல உட்காருங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

காசிமேடு_காற்று:

வீட்டுல உட்காரச் சொல்லலைங்க. உட்காரவும் கூடாது. பகல் வேலை தேடணும், அவ்வளவுதான்.

அதே யார்டுலயே பகல் வேலை இருக்கு. எடை மேடையில பதிவு போடுறது, டிரிப் ஷீட், ஸ்டோர் கீப்பர், வண்டி மெயின்டனன்ஸ் கணக்கு, தீயணைப்பு உபகரணம் சோதிக்கிறது, ஜெனரேட்டர் ஆபரேட்டர். சர்வீஸ்ல கிளார்க், டிரைவர், சிக்னல்ஸ், ஈ.எம்.ஈ. (வண்டி, கருவி பழுது பார்க்குற பிரிவு) டிரேடுல இருந்தவருக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரிஞ்ச வேலை. "எக்ஸ் சர்வீஸ்மேன், செக்யூரிட்டி வேலை தேடுறார்"னு பயோடேட்டாவுல எழுதாம டிரேடு பேரை எழுதுங்க. எத்தனை வண்டி, எத்தனை பேர், எவ்வளவு ஸ்டோர் கையில இருந்ததுன்னு எண்ணிக்கையோட எழுதுங்க.

செக்யூரிட்டிதான் கிடைக்குதுன்னா பகல் ஷிப்ட், கேட் அல்லது ரிசப்ஷன், எட்டு மணி நேரம். அதுக்கு மேல வேலை வாங்கினா ரெட்டைச் சம்பளம் கொடுக்கணும்னு சட்டம் இருக்கு. சேரும்போதே கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க.

இன்னும் ரெண்டு வேலை ஆபத்து. ஒன்னு, கடன் வசூல், வண்டி பறிமுதல். மிலிட்டரி உடம்பைப் பார்த்து ஆள் எடுப்பாங்க. தினமும் பத்து பேரோட மோதுற வேலை அது. இன்னொன்னு, கன்மேன், அதாவது துப்பாக்கியோட நிக்கிற காவல். அதைப் பத்தி வார்டு அக்கா எழுதுனா நல்லது.

வார்டு_விளக்கு (மனநலச் செவிலியர்):

எழுதுகிறேன். முதலில் எது இயல்பு, எது நோய் என்று பிரித்துக்கொள்வோம்.

வந்த முதல் சில வாரங்கள் தூக்கம் கலைவது, கூட்டத்தில் சுவர் ஓரமாக நிற்பது, கதவைப் பார்த்தபடி உட்காருவது எல்லாம் பழக்கம்தான். நான்கு வகை அறிகுறிகளும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ வீட்டையோ கெடுத்தால்தான் அது பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்). முதல் வகை, நினைவு தானாகப் புகுவது: கெட்ட கனவு, திடீரென்று அங்கேயே இருப்பது போன்ற உணர்வு. இரண்டாவது, தவிர்ப்பது: யூனிட் நண்பர் போன் செய்தால் எடுக்காமல் இருப்பது, பேச்சு வந்தால் எழுந்து போவது. மூன்றாவது, மனம் மரத்துப்போவது: குழந்தை மீது பாசம் இருப்பது தெரியும், ஆனால் உணர முடியாது. "நான் மட்டும் ஏன் பிழைத்தேன்" என்ற குற்ற உணர்வும் இதில் சேரும். நான்காவது, உடல் எப்போதும் உஷார்: சின்னச் சத்தத்துக்கும் துள்ளுவது, சீறுவது, இரவில் பத்து முறை தாழ்ப்பாள் பார்ப்பது.

குடும்பத்தார் மூன்றாவதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "கல்நெஞ்சு", "வேறு யாரோ இருக்கிறார்கள்" என்று முடிவு கட்டுகிறார்கள். அதுவும் நோயின் ஒரு பகுதிதான்.

பி.சி.எல்-5 என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. 31 முதல் 33 வரையோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று பொருள். அது சல்லடை மட்டுமே, தீர்ப்பு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எழுதித் தேதியுடன் வைத்துக்கொண்டால் சிகிச்சை வேலை செய்கிறதா என்று தெரியும்.

எங்கே போவது? பாதிப் பேர் "கீழ்ப்பாக்கம்" என்ற சொல்லுக்கே பயந்து நின்றுவிடுகிறார்கள். 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. மேடவாக்கம் குளம் சாலையில் காலை வெளிநோயாளர் பிரிவுக்கு யார் வேண்டுமானாலும் நேராகப் போகலாம், பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. அந்தப் பெயர் தொண்டையில் சிக்கினால் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி இருக்கிறது. பொது மருத்துவமனை, எந்த அறைக்குப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு உள்ளவர் தன் பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்கு ரெபரல் கேட்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் இல்லை என்றால் 14416, அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசுவார்கள்.

மாத்திரை பற்றி. செர்ட்ராலின் வகை மருந்துகள் பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரத்தில் குமட்டலும் படபடப்பும்தான் வரும், பலன் வராது. அங்கேயேதான் நிறையப் பேர் நிறுத்துகிறார்கள். இரண்டாவது காரணம் தாம்பத்திய ஆர்வம் குறைவது. அதை வெளியே சொல்லாமல் மாத்திரையைக் குப்பையில் போடுவார்கள். சொன்னால் மருத்துவர் மருந்தையோ அளவையோ மாற்ற முடியும். சரியான பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தூக்கத்துக்கு என்று கடையில் அல்பிரசோலம், குளோனசெபாம் வாங்கிப் போடாதீர்கள். பி.டி.எஸ்.டி.க்கு அவை தீர்வு இல்லை, பழகிவிடும். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே நிற்கலாம்.

பேச்சு சிகிச்சைதான் முதன்மை. பொதுவாக ஆறுதல் சொல்வது போதாது. நடந்த சம்பவத்தையே எடுத்து வேலை செய்கிற முறை வேண்டும். நீட்டித்த வெளிப்பாட்டு முறைக்கு (Prolonged Exposure: தவிர்த்து வந்த நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயத்தை இறக்குவது) 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். எண்ணச் சீரமைப்பு முறைக்கு (CPT: சம்பவத்தைப் பற்றிய தவறான எண்ணங்களைச் சரிபார்ப்பது) வழக்கமாக 12 அமர்வு. ஆலோசகரிடம் நேராகக் கேளுங்கள்: "இதில் எந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்? எத்தனை அமர்வு?" தெளிவான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். முதல் சில அமர்வுகளில் கனவு கூடலாம். புண்ணைத் திறந்து கழுவும்போது எரிவது போல அது. அந்த வாரத்தில் விட்டுவிட்டுப் போகாமல் இருக்க வீட்டில் ஒருவர் துணை நிற்க வேண்டும்.

கன்மேன் வேலை: மனம் தாழ்ந்து கிடக்கிற ஒருவர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் அலை போல வந்து போகும். அந்த அரை மணி நேரத்தில் கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. சொந்த லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். எலி மருந்து, சேர்த்து வைத்த மாத்திரை இவற்றையும் வீட்டை விட்டு அகற்றுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது.

தண்டையார்பேட்டை_தங்கை:

அக்கா, ராத்திரி விஷயம் கொஞ்சம் விவரமா சொல்லுங்க. கனவுல கத்தும்போது மனைவி தொட்டு எழுப்பினா கழுத்தைப் பிடிச்சிடுறாங்கன்னு நிறைய வீட்டுல பேச்சு. வெளியே சொல்ல மாட்டாங்க.

வார்டு_விளக்கு:

தோளையும் முகத்தையும் தொடாதீர்கள், குனியாதீர்கள். கட்டிலின் கால் பக்கம், கை எட்டாத தூரத்தில் நின்று முதலில் விளக்கைப் போடுங்கள். பிறகு பெயரைச் சொல்லி, இடத்தைச் சொல்லுங்கள்: "நீங்க வீட்டுல இருக்கீங்க, தண்டையார்பேட்டை, நான் இங்கதான் நிக்கிறேன்." எழவில்லை என்றால் பாதத்தின் மேல் போர்வையோடு லேசாகத் தட்டலாம். எழுந்ததும் என்ன கனவு என்று விசாரிக்க வேண்டாம். தண்ணீர் கொடுங்கள், கால் தரையில் படட்டும்.

ஒற்றை அறை வீட்டில் கட்டிலை மாற்றிப் போட்டாலே பலன் தெரியும். தலைமாடு சுவரோடு, படுத்தபடியே கதவு தெரியும்படி. கையோ காலோ வீசுகிறவர் என்றால் கொஞ்ச நாள் தனிப் பாய் போடுங்கள், குழந்தையை நடுவில் படுக்க வைக்காதீர்கள். கனவில் நிஜமாகவே எழுந்து சண்டை போடுகிறார், வயது ஐம்பதைத் தாண்டியவர் என்றால் நரம்பியல் மருத்துவரையும் பார்க்க வேண்டும், அது வேறு நோயாகவும் இருக்கலாம். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நிற்பது, பகலில் தலைவலி இருந்தால் தூக்கப் பரிசோதனை கேளுங்கள்.

தாழ்ப்பாள் பார்ப்பதை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் சண்டைதான் வரும். எண்ணுங்கள். பத்து முறை என்றால் இந்த வாரம் எட்டு, அடுத்த வாரம் ஆறு. பார்க்காமல் விட்ட முறை வருகிற பதற்றம் தானாக இறங்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் மருந்து.

எழும் நேரத்தை மாற்றாதீர்கள். ராத்திரி எப்படிப் போனாலும் காலை 5.30 என்றால் 5.30. படுத்து இருபது நிமிடம் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையை விட்டு வெளியே வந்து உட்காருங்கள். படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தால் படுக்கையே போஸ்ட் ஆகிவிடும்.

ஒலிமானி:

காது பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன். "கோபக்காரர்" என்று சொல்லப்படுகிற பலருக்குக் காதும் ஒரு காரணம்.

ரைபிள் வெடிக்கும்போது காதருகே அழுத்தம் 140 டெசிபலைத் தாண்டும். குண்டு வெடிப்பு அதற்கும் மேல். முதலில் சேதமாவது உயர் சுருதிப் பகுதி. ஆடியோகிராம் (கேட்கும் திறன் வரைபடம்) எடுத்தால் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கும். தாழ்ந்த சுருதிகள் நன்றாக இருக்கும், அதனால் அவருக்குத் தன் காது கெட்டதே தெரியாது. ஆண் குரல் கேட்கும், மனைவி, குழந்தை குரல் மங்கும். உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து நழுவும். கடை, தடை, படை மூன்றும் ஒன்றாக ஒலிக்கும். மின்விசிறி, டிவி, தெருச் சத்தம் நடுவில் இன்னும் மோசம். "சத்தமாத்தான் பேசறாங்க, ஆனா புரியல" என்றால் இதுதான். புரியாமல் மூன்று முறை கேட்டு, நான்காவது முறை கோபம் வருகிறது. வீட்டில் அவரை அலட்சியக்காரர் என்கிறார்கள்.

கூடவே காதில் இரைச்சல். பகலில் தெரியாது, ராத்திரி பனிரெண்டுக்குத் தெரு அடங்கியதும் பெரிதாகும். இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. லாரிச் சத்தம் தாங்காமல் காதில் பஞ்சோ அடைப்பானோ வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். வெளிச் சத்தம் குறைந்தால் உள் இரைச்சல் ஏறும். அதைவிட, சீரான மெல்லிய சத்தம் வேண்டும். மேசை விசிறி போதும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை ஓரமோ கன்டெய்னர் இறக்குகிற இடத்துக்குப் பக்கமோ வீடு என்றால், திடீர் 'டமார்'தான் துன்பம். விசிறிச் சத்தம் அந்த ஏற்ற இறக்கத்தையும் கொஞ்சம் மழுப்பும். நாள் முழுவதும் காதை மூடி வைத்தால் காது இன்னும் கூச்சப்படும்.

பரிசோதனைக்குப் போகும்போது 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை முழு ஆடியோகிராமும் பேச்சுப் புரிதல் சோதனையும் கேளுங்கள். போவதற்கு முன் பட்டாசு, ஹெட்போன் சத்தம் இல்லாமல் ஒரு நாள் இருங்கள், காது அழுக்கை எடுத்துவிட்டுப் போங்கள். செவிக் கருவி ஈ.சி.எச்.எஸ். வழியாகக் கிடைக்கும், ஆனால் காது நிபுணர் எழுதிக் கொடுத்த பிறகுதான் வாங்க வேண்டும். முதலில் கடையில் வாங்கிவிட்டுப் பிறகு பில்லை நீட்டினால் சிக்கல். கருவியை முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், வீட்டுக்குள் மட்டும். பிறகு மெல்லக் கூட்டுங்கள். முதல் நாளே மார்க்கெட்டுக்குப் போட்டுக்கொண்டு போனவர்கள் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

எம்.சி.ரோடு_மருந்தகம்:

குடிக்கு வர்றேன். கேன்டீன் கோட்டா இருக்கு, அது தீர்ந்தா கடை இருக்கு.

ஒரு குவாட்டர் 180 மில்லி, 42.8% சாராயம். கணக்குப் போட்டா சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். தினமும் ஒரு குவாட்டர்னாலே கல்லீரலுக்கு அதிகம். "குடிச்சாதான் தூக்கம் வருது"ன்னு சொல்றது பாதி உண்மை. முதல் மூணு மணி நேரம் கனவை அமுக்கும். போதை இறங்க இறங்க, விடிகாலை ரெண்டு மூணு மணிக்கு அமுக்கின கனவு எல்லாம் சேர்ந்து எழும். அப்போ மறுபடி ஒரு கட்டிங். இப்படித்தான் காலைக் குடி ஆரம்பிக்குது.

தினமும் நிறையக் குடிக்கிறவரை ரூம்ல பூட்டி ஒரே நாள்ல நிறுத்த வைக்காதீங்க. 6 மணி நேரத்துல இருந்து கை நடுக்கம், வேர்வை. 6 முதல் 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாளுக்குள்ள இல்லாததைப் பார்க்குறது, நேரம் இடம் தெரியாம உளர்றது. அது உயிருக்கு ஆபத்து. இதுல இன்னொரு குழப்பம், அந்த நிலையில அவர் "எதிரி வர்றான்"னு கத்தினா வீட்டுல பழைய நினைவுன்னு நினைச்சு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறாங்க. சாமி கும்பிடுங்க, வடிவுடையம்மன் கோயிலுக்கும் போங்க. ஆனா நிறுத்தி ரெண்டு மூணு நாள்ல உளறினா முதல்ல போக வேண்டியது அவசரப் பிரிவு.

தெருமுனை கிளினிக்ல "டயர்டா இருக்கார், ஒரு குளுக்கோஸ் போடுங்க"ன்னு கேக்காதீங்க. குடிக்கிறவர் உடம்புல பி1 சத்து, அதாவது தியாமின், வறண்டு போயிருக்கும். அது இல்லாம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா மூளை நிரந்தரமா பாதிக்கலாம். தியாமின் முதல்ல போடணும். கூசாம கேளுங்க.

மூணாவது, சாப்பாட்டுல மறைச்சு மருந்து கலக்குறது. "தெரியாம கொடுக்கலாம், குடியை மறந்துடுவார்"னு விக்கிறாங்க. பெரும்பாலும் டைசல்பிராம். அது உள்ள இருக்கும்போது குடிச்சா ரத்த அழுத்தம் சரியும், நெஞ்சு நிக்கலாம். அவருக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதத்தோட, டாக்டர் பார்வையில மட்டும்தான். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட்னு வேற மருந்துகளும் இருக்கு. கல்லீரல், சிறுநீரகம் பார்த்துத்தான் எழுதுவாங்க.

ரெக்கார்ட்_ஆபீஸ்:

பேப்பர். முகவரி திருவொற்றியூர், மாதவரம், எண்ணூர்னா இப்போ சென்னை மாவட்டம். பெரியமேடு பக்கம் ராஜா முத்தையா சாலையில இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகம். மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரின்னா திருவள்ளூர் மாவட்டம். தப்பான ஆபீஸ்ல பதிஞ்சா கல்வி உதவி, அடையாள அட்டை எல்லாத்துக்கும் அலைச்சல்.

வேலைக்கு: மத்திய அரசு குரூப் சி-ல 10% ஒதுக்கீடு. பொதுத்துறை வங்கியில குரூப் சி-க்கு 14.5%, அதுக்குக் கீழே 24.5%. வயசு கணக்கு எளிது. இப்போதைய வயசுல இருந்து சர்வீஸ் வருஷத்தைக் கழிங்க, மிச்சம் வர்றது அந்தப் பதவியின் உச்ச வயசை 3 வருஷத்துக்கு மேல தாண்டக் கூடாது. பத்தாவது முடிச்சு 15 வருஷ சர்வீஸ் இருந்தா, டிகிரி கேக்குற பல குரூப் சி பதவிக்கும் விண்ணப்பிக்கலாம், தொழில்நுட்பப் பதவி நீங்கலா. இது தெரியாமலே நிறையப் பேர் யார்டு கேட்டுல நிக்கிறாங்க.

ஊனப் பென்ஷன்: வெளியே வரும்போது நடந்த மெடிக்கல் போர்டு நகல், ஏ.எப்.எம்.எஸ்.எப்-16, கையில இருக்கான்னு பாருங்க. அதுல 'ஷேப்' (SHAPE) உடல் தகுதி வரிசையில முதல் எழுத்து மனநலம், ரெண்டாவது காது. "சர்வீஸால வந்ததில்ல"ன்னு எழுதியிருந்தாலும் அது முடிவு இல்ல. சேரும்போது ஆரோக்கியமா இருந்தவருக்கு பின்னாடி வந்த நோய்க்கு சர்வீஸ் காரணம்னு எடுத்துக்கணும், இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு அரசுக்குன்னு 2013-ல தரம்வீர் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. 2023 செப்டம்பர் 21-க்கு அப்புறம் வெளியே வந்தவங்களுக்குப் புது விதிகள், அதைத் தனியாப் பார்க்கணும். 20%-க்குக் குறையாம ஊனம் ஏத்துக்கிட்டா 50%-ஆ உயர்த்திக் கணக்கிடுறதுக்கும் 2014 தீர்ப்பு இருக்கு. மேல்முறையீடு நிராகரிச்சா சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கு, உத்தரவு வந்து 6 மாசத்துக்குள்ள போகணும். தாமதமானா அரியர் குறையலாம்.

ஒரு பயத்தையும் தெளிவுபடுத்திடுறேன். இப்போ மனநல மருத்துவரைப் பார்த்தா வாங்கிட்டிருக்கிற பென்ஷன் குறையாது. அப்படி ஒரு விதியே கிடையாது. துப்பாக்கி லைசென்ஸுக்கு மட்டும் பாதிப்பு வரலாம்.

வியாசை_மைதானம்:

பட்டாசு. தீபாவளிக்கு நேரம் காலை 6–7, ராத்திரி 7–8னு விதிச்சிருக்காங்க. அது தெரிஞ்ச சத்தம், தயாரா இருக்கலாம். அந்த ரெண்டு நாள் ஊருக்குப் போறதும் ஒரு வழி. நம்ம பக்கம் வருஷம் பூரா நடக்குறது சாவு ஊர்வலம். முன்னறிவிப்பே இல்லாம சந்துல சரவெடி. திடீர்னு வர்றதுதான் உடம்பைத் தூக்கிப் போடுது, சத்தத்தோட அளவு ரெண்டாவது. தெருவுல சாவுன்னா எடுக்குற நேரத்தை விசாரிச்சு வீட்டுல சொல்லிடுங்க. அது போதும். ஆடி மாசம் கூழ் ஊத்தும்போது ஒலிபெருக்கியைக் கட்டுற பசங்ககிட்ட குழாயை வேற பக்கம் திருப்பச் சொன்னா திருப்புவாங்க, காரணம் சொல்லிக் கேளுங்க.

எங்கேயாவது மாட்டிக்கிட்டா: முதுகு சுவர்ல, கால் ரெண்டும் தரையில அழுத்தி, நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்க. கண்ணுல படுற அஞ்சு பொருளோட பேரைச் சொல்லுங்க: கம்பம், ஆட்டோ, போர்டு, செருப்பு, நாய். உடம்பு இறங்க பத்து நிமிஷம் ஆகும்.

உடற்பயிற்சி கட்டாயம். வியாசர்பாடியில காலையில பசங்களுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுக்க ஆள் தேவைப்படுது. விடியற்காலை எழுற பழக்கம், விசில், ஒழுங்கு எல்லாம் அங்க மதிப்பு. குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போறவங்க பேக்ல குத்தலாம், கயிறு தாண்டலாம். குண்டு வெடிப்புல தலை அதிர்ந்தவங்க, நினைவு தப்பினவங்க ஸ்பாரிங் (எதிராளியோட மோதிப் பழகுறது) பண்ணவே கூடாது. ரெண்டாவது அடி முதல் அடியை விட மோசம்.

வெள்ளம், விபத்துன்னா இவங்கதான் முன்னாடி நிப்பாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளம், அதே மாசம் 26 ராத்திரி எண்ணூர்ல அமோனியா கசிவு. அந்த மாதிரி நேரத்துல மூளை பளிச்னு வேலை செய்யும், கை நடுங்காது. எல்லாம் அடங்கி ரெண்டு வாரம் கழிச்சுதான் தூக்கம் போகும். வேலை முடிஞ்ச பிறகு அவங்களைக் கவனிங்க.

தண்டையார்பேட்டை_தங்கை:

வீட்டுப் பக்கம் ஒன்னு சேர்க்கிறேன். பதினேழு வருஷம் கேஸ், ஸ்கூல், மாமியார் ஆஸ்பத்திரி எல்லாத்தையும் தனியாப் பார்த்தவங்க மனைவி. அவர் வந்து முதல் மாசமே பீரோ சாவியைக் கேட்டா ரெண்டு பேருக்கும் அவமானம். மூணு மாசம் கணக்கு வழக்கு அவங்ககிட்டயே இருக்கட்டும். அவருக்கு முழுசா ஒரு பொறுப்பு மட்டும் கொடுங்க, ஸ்கூல்ல விடுறது மாதிரி. தண்ணி லாரி வரிசை மட்டும் வேண்டாம், அங்க குடம் இடிச்சாலே தள்ளுமுள்ளு. குழந்தைங்ககிட்ட ஆர்டர் குரல் வந்தா "இது வீடு"ன்னு ரெண்டு பேரும் முன்கூட்டியே பேசி வெச்ச ஒரு வார்த்தை போதும், குழந்தைங்க முன்னாடி வாக்குவாதம் வேண்டாம்.

கிராஜுட்டி, ஏ.ஜி.ஐ.எப். (ராணுவக் குழுக் காப்பீட்டு நிதி) பணம் வந்ததும் மச்சான், சித்தப்பா, மீஞ்சூர் பிளாட்காரர், ஏலச்சீட்டுக்காரர் எல்லாரும் வருவாங்க. ஆறு மாசத்துக்கு பேங்க் டெபாசிட்ல பூட்டிடுங்க. "அக்ரிமென்ட் போட்டாச்சு, இப்போ எடுக்க முடியாது"ன்னு சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.

புதுவண்ணை_பாலம்:

1987–90 ஐ.பி.கே.எப்-ல (இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை) போனவங்களைப் பத்தி யாரும் எழுதலையே? அவங்களுக்கு இப்போ அறுபதுக்கு மேல.

வார்டு_விளக்கு:

நல்லதாய்ப் போயிற்று, கேட்டீர்கள். இந்த வயதில்தான் பலருக்கு முதல் முறையாக வெளிவருகிறது. ஐம்பது வயது வரை இரண்டாவது வேலை, பிள்ளை கல்யாணம் என்று ஓடிக்கொண்டே இருந்தவர், அறுபதில் வீட்டில் உட்கார்ந்ததும் யாழ்ப்பாணம் வந்து நிற்கிறது. "முப்பத்தைந்து வருஷம் ஒன்றும் இல்லையே, இப்போது என்ன புதிதாக" என்று பிள்ளைகள் கேட்பார்கள். தாமதமாக வருவது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். மறதியும் சேர்ந்து வந்தால் அதையும் சோதிக்க வேண்டும்.

தமிழ்ப் பேசும் சிப்பாய்க்கு அந்தப் போர் வேறு மாதிரி. எதிரில் நின்றவரும், வீட்டு வாசலில் அழுத கிழவியும் அவருடைய மொழியில் பேசினார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது மாநில முதல்வர் வரவேற்கப் போகவில்லை. ஊர் அவர்களை எப்படிப் பார்த்தது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்கவே இல்லை. இது பயத்தைவிடக் குற்ற உணர்வும் கைவிடப்பட்ட உணர்வும் மிகுந்த காயம். "நீங்க டூட்டிதான் பண்ணீங்க" என்று அவசரமாக ஆறுதல் சொன்னால் கதவு மூடிக்கொள்ளும். என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன் என்று அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்பவர் தீர்ப்புச் சொல்லாமல் இருக்க வேண்டும். ஆலோசகரிடம் போகும்போதே ஐ.பி.கே.எப். என்று சொல்லிவிடுங்கள். புழல் காவாங்கரையிலும் கும்மிடிப்பூண்டியிலும் அந்த மண்ணிலிருந்து வந்தவர்களின் முகாம்கள் இருக்கின்றன. அதே போரின் இன்னொரு காயத்தோடு அவர்களும் இதே பேருந்தில் வருகிறார்கள். அரசியல் விவாதத்தை இந்த இழைக்குள் கொண்டுவர வேண்டாம், கேட்டுக்கொள்கிறேன்.

திருவொற்றியூர்_தேரடி:

ஒரு சந்தேகம். வீட்டை விட்டே வெளியே வராதவர், நவம்பர்ல லைப் சர்டிபிகேட் கொடுக்கல, பென்ஷன் நின்னுடுச்சு. என்ன பண்றது?

ரெக்கார்ட்_ஆபீஸ்:

கவுன்ட்டரைத் தவிர்க்கிறதும் நோயோட பகுதிதான், அதனால திட்டாதீங்க. வீட்டுலயே முடிக்கலாம். ஆண்ட்ராய்டு போன்ல ஆதார் முக அடையாள ஆப், ஜீவன் பிரமாண் (டிஜிட்டல் லைப் சர்டிபிகேட்) ஆப் ரெண்டும் போடுங்க. கைரேகை தேய்ஞ்சிருந்தாலும் முகம் காட்டினா போதும். ஜன்னல் எதிரே உட்கார வெச்சு, கண்ணாடி கழட்டி, கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்க. பென்ஷன் வழங்கும் இடம்னு கேக்கும்போது பேங்க் பேரைத் தேர்ந்தெடுக்காதீங்க. ஸ்பர்ஷுக்கு (ராணுவப் பென்ஷன் இணையத்தளம்) மாறினவர்னா ஸ்பர்ஷ்தான். பாதிப் பேருக்கு இந்த ஒரு இடத்துலதான் தப்பாகி, கொடுத்தும் கொடுக்காத மாதிரி ஆகுது. பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) எண்ணும் கணக்கு எண்ணும் பழைய பாஸ்புக்ல இருந்து எடுக்காம ஸ்பர்ஷ் பக்கத்துல இருக்கிறபடியே போடுங்க. பிரமாண் எண் வந்ததும் எழுதி வெச்சுட்டு, ரெண்டு மூணு நாள் கழிச்சு ஸ்பர்ஷ்ல அடையாளத் தேதி மாறியிருக்கான்னு பாருங்க. மாறினா நின்ன மாசத்துப் பணமும் சேர்ந்தே வரும். மாறலைன்னா தேனாம்பேட்டை சி.டி.ஏ. (பாதுகாப்புத் துறைக் கணக்கு) ஆபீஸுக்கு பிரமாண் நகலோட நீங்க போனா போதும், அவரைக் கூட்டிட்டுப் போக வேண்டியதில்ல.